நீ அழித்த அஞ்சல்கள் என்னிடம் இருக்கின்றன

பாப்பா,

இந்தக் கடிதத்தை மடித்து உன் கைப்பைக்குள் வைக்கப்போகிறேன். விமானம் ஏறி உட்கார்ந்து, பெல்ட்டையெல்லாம் மாட்டிக்கொண்ட பிறகு படி. அதற்கு முன்னால் படித்தால் நீ என் முகத்தைப் பார்ப்பாய், நான் உன் முகத்தைப் பார்ப்பேன், உன் அம்மா நம் இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு அங்கேயே ஊரைக் கூட்டிவிடுவாள். ஈமெயிலில் அனுப்பியிருக்கலாமே என்று கேட்பாய். தோட்ட ஆபீசில் கணக்கெழுதுகிற கிராணிக்கு டைப் அடிக்கத் தெரியாதா என்ன? இதைக் கையால், தமிழில் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. மாப்பிள்ளைக்குத் தமிழ் படிக்க வராது. அவருடைய முன்னோர்கள் கரும்பு வெட்ட டர்பனுக்குப் போனவர்கள், நம்முடையவர்கள் ரப்பர் பால்மரம் வெட்ட இங்கே வந்தவர்கள். அங்கே எழுத்து எப்போதோ கைவிட்டுப் போய்விட்டது என்று கல்யாணத்தின்போது அவர் அம்மா என்னிடம் சொல்லி வருத்தப்பட்டார். நானும் உச்சுக்கொட்டினேன். உள்ளுக்குள் எனக்கு வருத்தமே இல்லை. உன்னிடம் நான் தனியாகப் பேச ஒரு வழி மிச்சம் இருக்கிறதே என்று நிம்மதியாகத்தான் இருந்தது. இப்படியும் ஒரு மாமனாரா என்று திட்டுவதானால் திட்டிக்கொள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் பயந்துபோயிருக்கிறேன். நான் பயப்படுவது உனக்குப் புதிதில்லை. வானம் லேசாகக் கறுத்தாலே ஆபீசிலிருந்து ஓடிவந்து டெலிபோன் ஒயரைப் பிடுங்குகிற ஆள் நான். ஒருமுறை இடி இறங்கி உன்னுடைய மோடம் கருகிப்போனதிலிருந்து அந்த வழக்கம். கேஸ் சிலிண்டரை மூடிவிட்டேனா என்று பாதி வழியில் மோட்டாரைத் திருப்பியிருக்கிறேன். "இந்த மனுசன் பயத்தத்தான் பசியாறிட்டு வேலைக்குப் போறாரு லா" என்று உன் அம்மா அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பது எனக்கும் தெரியும். சிரிக்கட்டும். அந்தப் பயங்களுக்கெல்லாம் செய்வதற்கு ஒரு வேலை இருந்தது. ஒயரைப் பிடுங்கலாம், சிலிண்டரைத் திருகலாம். இப்போது இருக்கிற பயத்துக்கு எதைத் திருகுவது என்று தெரியாமல்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நீ முதன்முதலில் அவர் பெயரைச் சொன்னபோது நான் "எந்தத் தோட்டம்?" என்று கேட்டேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். எனக்கு வேறென்ன கேட்கத் தெரியும்? பையன் எந்தத் தோட்டம், எந்த மண்டோரின் மேற்பார்வையில் வேலை, எந்த லயத்தில் வீடு, இவ்வளவு தெரிந்தால் போதும், மீதியை விசாரித்துக்கொள்ளலாம். நம் பக்கம் பெண் கொடுக்கிறவர்கள் நேராகப் பையன் வீட்டுக்குப் போவதில்லை. அந்தத் தோட்டத்துக் கடையில் உட்கார்ந்து தேத்தண்ணி குடிப்பார்கள். முடிவெட்டுகிறவரிடம் தலையைக் கொடுத்துவிட்டுப் பேச்சுக் கொடுப்பார்கள். கடைசியில் ஆபீஸ் வாசலில் வந்து நின்று, "கிராணி, ஒரு சமாச்சாரம் கேக்கணும்" என்று இழுப்பார்கள். பையன் காலையில் பெரட்டுக்கு ஒழுங்காக வந்து பேர் கொடுக்கிறானா, சம்பளத்துக்கு மறுநாள் மட்டம் போடுகிறானா என்று நான் சொல்வேன். சம்பளத்துக்கு மறுநாள் மட்டம் என்றால் கள்ளுக்கடை. அதற்குமேல் விளக்கம் தேவையில்லை, வந்தவர் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். எத்தனையோ பெண்களுக்கு இப்படி விசாரித்துச் சொல்லியிருக்கிறேன். என் பெண்ணுக்கு என்று வந்தபோது நான் டர்பனில் எந்தக் கடையில் போய்த் தேத்தண்ணி குடிப்பது?

உலகம் முழுக்கச் சிதறிக் கிடக்கிற தமிழர்கள் ஈமெயிலில் கூடிப் பேசுகிற ஒரு குழுவில் பழக்கம் என்றாய். ரெண்டு வருஷமாகப் பேசுகிறோம் என்றாய். பேச்சு என்றால் குரலாவது கேட்கணும், இது என்ன பேச்சு என்று கத்திவிட்டு உன்னோடு முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தேன். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் பசியாறிக்கொண்டிருந்தபோது, என் தட்டுக்குப் பக்கத்தில் ரெண்டு டிஸ்கெட்டை வைத்தாய்.

"விசாரிக்கணும்னு சொன்னீங்க இல்ல ப்பா? எல்லாம் இதுல இருக்கு, ஆரம்பத்துலேர்ந்து. ஃபோல்டர அப்படியே ஜிப் பண்ணி வச்சிருக்கேன். விசாரிங்க லா."

"இன்னொருத்தன் எழுதினத நான் படிக்கிறதா?"

"அவருகிட்ட கேட்டுட்டேன். உங்கப்பா படிச்சா நல்லதுதான்னு சொல்லிட்டாரு."

கையிலிருந்த தோசையைத் தட்டிலேயே போட்டுவிட்டேன். கல்யாணம் விசாரிக்க வருகிறவர்களுக்குத் தன் வாயாலேயே எல்லாவற்றையும் சொல்லும் மாப்பிள்ளையை நான் என் சர்வீசில் பார்த்ததில்லை. இவன் ஒன்று ரொம்ப நல்லவனாக இருக்கணும், அல்லது ரொம்பக் கெட்டிக்காரனாக இருக்கணும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஈமெயில்களைச் சுருக்கி வைப்பது எனக்கு அன்றாட வேலை. ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது அது என் தலையில்தான் விழுந்தது. தலைமை ஆபீசிலிருந்து வருகிறவற்றை மாதக் கடைசியில் ஃபோல்டர் ஃபோல்டராகப் பிரித்து, ஜிப் செய்து, டிஸ்கெட்டில் ஏற்றிவிட்டு, கம்ப்யூட்டரில் இடம் காலி பண்ண வேண்டும். முதல் தடவை செய்தபோது எனக்குச் சட்டையெல்லாம் நனைந்துவிட்டது. அத்தனை பெரிய ஃபோல்டர் இத்தனூண்டாகிவிட்டதே, எழுத்தெல்லாம் எங்கே போய்த் தொலைந்தது? விரித்துப் பார்த்தேன். ஒரு கமா குறையவில்லை. ரப்பர் பாலை உறையவைத்து உருளையில் விட்டால் தண்ணீர் போய் ஷீட் நிற்கிற மாதிரி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஷீட்டைத் திரும்பப் பாலாக்க முடியாது, இதை ஆக்க முடியும், அவ்வளவுதான் வித்தியாசம். நம் ஊர் ஈரத்துக்கு டிஸ்கெட்டில் பூஞ்சை பிடிக்கும் என்பதால் ஒரு பிஸ்கட் டின்னில் வறுத்த அரிசியைக் கொட்டி அதற்குள்தான் வைப்பேன். புது மேனேஜர் அந்த டின்னைத் திறந்து பார்த்துவிட்டு, கிராணிக்கு என்ன ஆச்சு என்று மண்டோரிடம் விசாரித்தாராம்.

ஆபீஸ் பூட்டியிருக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் போய் உட்கார்ந்து உன் ஃபோல்டரை விரித்துப் படித்தேன், எல்லாம் இங்கிலீஷ். முதலில் சட்டைப் பையைத் துழாவுகிற போலீஸ்காரன் மாதிரிதான் படித்தேன். போகப் போக அது மாறிவிட்டது. சோறு வடிக்கத் தெரியாமல் அடிப்பிடிக்கவிட்டு, சட்டியை ஜன்னலுக்கு வெளியே வைத்ததை எழுதியிருக்கிறார். அவர் அம்மாவின் முட்டிவலியைப் பற்றி எழுதியிருக்கிறார். "பசியாறிட்டியா" என்று நீ கேட்டதற்கு, எங்கள் ஊரில் இப்படிக் கேட்க ஒரு வார்த்தையே இல்லையே என்று ஏங்கியிருக்கிறார். நல்ல பிள்ளையாக இருக்கிறானே என்று எனக்கே தோன்றிவிட்டது. மனசு இளகி, சரி என்று சொல்லிவிடலாம் என்று ஃபோல்டரை மூடப்போனேன். அப்போதுதான் திரையில் ஒரு சின்னக் கட்டம் வந்தது. இந்த ஃபோல்டரில் வீண் இடம் நிறைய இருக்கிறது, கம்பேக்ட் செய்யட்டுமா, ஆமாமா இல்லையா என்று கேட்டது.

வேறு யாராக இருந்தாலும் ஆமாம் என்று தட்டிவிட்டுப் போயிருப்பார்கள். எனக்கு அந்தக் கட்டத்தின் அர்த்தம் தெரியும். முன்னொரு தடவை மேனேஜரின் ஈமெயில் ஒன்றைக் கைதவறி அழித்துவிட்டு, வேலை போச்சு என்று நான் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தபோது, சிரம்பானிலிருந்து கம்ப்யூட்டர் ரிப்பேருக்கு வந்த தம்பி சிரித்தான். "அழிச்சா போயிடாது அங்கிள். லிஸ்ட்லேர்ந்துதான் மறையும். கம்பேக்ட் பண்ற வரைக்கும் உள்ளாறதான் கெடக்கும்" என்று சொல்லி, அந்த ஃபோல்டரைச் சாதாரண எழுத்து மாதிரி திறந்து, தொலைந்துபோனதைத் தேடிக் கொடுத்தான். அன்றைக்கு அவனைக் கும்பிட்டேன். இந்தத் தடவை உன் ஃபோல்டருக்கு முன்னால் உட்கார்ந்து, அவன் அதை எனக்குச் சொல்லாமலே போயிருக்கக் கூடாதா என்று நினைத்தேன். வீண் இடம் என்றால், அங்கே ஏதோ இருந்து நீ அழித்திருக்கிறாய். என் மகள் எனக்குக் காட்டக் கூடாது என்று எதையோ எடுத்திருக்கிறாள். என்னவாக இருக்கும்? அவனுக்கு ஏற்கெனவே பெண்டாட்டி இருக்கிறாளா? குடிக்கிறானா? ஜெயிலில் இருந்தவனா? என் கை மவுசின் மேல் இருந்தது. இல்லை என்று தட்டிவிட்டு, எல்லாவற்றையும் அணைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

உன் அம்மாவிடம் சொன்னேன். "வயசுப்பிள்ளைங்க என்னமாச்சும் எழுதியிருக்கும். அழிச்சதப் போயி தோண்டுறீங்களே, வெக்கமா இல்ல?" என்றாள். அவள் சொன்னதும் நியாயம்தான். ஆனால் அடுக்களை வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த உன் அத்தை தலையைத் தூக்கிப் பார்த்தாள். எந்தப் பேச்சிலும் தலையிடாதவள், ஒரு காது கேட்காது, பாதிப் பேச்சு அவளுக்கு எட்டாது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அன்றைக்கு எல்லாம் எட்டியிருந்தது. அவள் காது எப்படிப் போயிற்று என்பது உனக்குத் தெரியும் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். ஆனால் அந்தக் காலத்தில் அவள் பேரில் வந்த கடிதங்களைப் பற்றி உனக்கு யாரும் சொல்லியிருக்க முடியாது, ஏனென்றால் அது எனக்கும் அவளுக்கும் செத்துப்போன என் அம்மாவுக்கும் மட்டும்தான் தெரியும்.

எழுபதுகளின் தொடக்கம். நான் அப்போதுதான் ஆபீசில் எடுபிடியாகச் சேர்ந்திருந்தேன். அக்காவை லுக்குட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கட்டிக்கொடுத்தோம். விசாரிக்காமல் இல்லை. என் அப்பா கடையில் விசாரித்தார், கோயிலில் விசாரித்தார், அந்தத் தோட்டத்துக் கிராணியிடமும் விசாரித்தார். ஒரு நாள் மட்டம் போடாதவன், குடிக்காதவன், ரோட்டில் போனால் தலை நிமிராதவன் என்று எல்லா வாயும் ஒரே மாதிரி சொல்லிற்று. சொன்னதில் பொய்யும் இல்லை. வெளியில் அவன் அப்படித்தான் இருந்தான். கல்யாணமாகிப் போன பிறகு மாதாமாதம் அக்காவிடமிருந்து கடிதம் வரும். நான்தான் என் அம்மாவுக்குப் படித்துக் காட்டுவேன். "நான் இங்கு நலம். இவர் நன்றாகப் பார்த்துக்கொள்கிறார். என்னைப் பற்றிக் கவலை வேண்டாம்." என் அம்மா கேட்டுவிட்டு, இன்னொரு தடவை படி என்பாள். படிப்பேன். நம் லாபுவிலிருந்து லுக்குட் என்ன சீமையா? பஸ் மாறிப் போனால் மத்தியானத்துக்குள் போய்விடலாம். போகவில்லை. கடிதம்தான் வருகிறதே, அப்புறம் எதற்குக் கூலியைக் கெடுத்துக்கொண்டு போவது என்று இருந்துவிட்டோம்.

உன் அத்தைக்கு எழுதத் தெரியாது, பாப்பா. அது எங்களுக்குத் தெரியும். தோட்டத்தில் எழுதத் தெரியாத பெண்களுக்கு யாராவது எழுதிக் கொடுப்பதுதான் வழக்கம், அதனால் எழுத்து வேறாக இருந்தது எங்களுக்கு ஒன்றும் வித்தியாசமாகப் படவில்லை. யார் எழுதிக் கொடுக்கிறார்கள் என்று மட்டும் ஒருத்தரும் கேட்கவில்லை. ஒருநாள் காய்கறி லாரியில் முன்னால் உட்கார்ந்துகொண்டு அவள் வந்து இறங்கினாள். கையில் ஒரு துணிப்பை, காதில் பஞ்சு. நான் ஓடிப்போய், "போன வாரம்கூட நல்லா இருக்கேன்னு எழுதியிருந்தியேக்கா" என்றேன். அவள் என்னை அப்படியே பார்த்தாள். "நானா எழுதுனேன்? அந்தாளு எழுதுனான். எழுதி முடிச்சிட்டு எனக்குப் படிச்சிக் காட்டுவான்" என்றாள். காய்ச்சலில் காது போய்விட்டது என்று என் அம்மா ஊராரிடம் சொன்னாள். அத்தையும் அதையே சொன்னாள். இத்தனை வருஷம் கழித்தும், நலம் என்று தொடங்குகிற எந்தக் கடிதத்தைப் பார்த்தாலும் அது யாருடைய கையெழுத்து என்றுதான் முதலில் பார்ப்பேன். உன் கடிதமோ இனிமேல் டைப் அடித்துத்தான் வரப்போகிறது. அதில் கையெழுத்துகூட இருக்காது.

அந்த அத்தைதான் அன்றைக்குக் கீரைத்தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டாள். "தம்பி, அவனப் பத்தி விசாரிச்சியே, அவளக் கேட்டியா?"

"யார?"

"ஒன் மகளத்தான்டா. என்னையக் கட்டிக் குடுத்தப்ப லயமெல்லாம் போயி கேட்டாங்க நம்மப்பா. எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல. அப்பறமும் கேக்கல. அந்தப் பொட்டிய தோண்டுறதுக்கு முன்னால அவள ஒரு வார்த்த கேளு."

எனக்கு உன் முகத்தைப் பார்த்துக் கேட்கத் தைரியம் வரவில்லை. அதனால்தான் மறுநாள் காலையில் வேலைக்குப் போகிற உன்னை ரயிலுக்குக் கொண்டுபோய் விடும்போது, மோட்டாரில் நீ பின்னால் உட்கார்ந்திருக்கையில், ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். முதல் தடவை காற்றில் உனக்குக் கேட்கவில்லை. "என்னா ப்பா?" என்றாய். ஃபோல்டரில் அழித்தது ஏதாவது இருக்கிறதா என்று கத்தினேன். நீ தோளைத் தட்டி நிறுத்தச் சொன்னாய். எண்ணெய் மில்லுக்குச் செம்பனைக் குலை ஏற்றிய லாரி ஒன்று நம்மைத் தாண்டிப் போனது. அது போய், புழுதி அடங்கியது.

"இருக்கு ப்பா."

"கம்பேக்ட் பண்ண மறந்துட்டியா?"

"நாள் முழுக்க கம்ப்யூட்டர்லதான் வேலை பாக்குறேன், மறப்பேனா? உங்ககிட்ட பொய் சொல்லவும் முடியல, நானா வந்து சொல்லவும் பயமா இருந்துச்சு. லிஸ்ட்லேர்ந்து அழிச்சேன், உள்ளாற விட்டுட்டேன். பாத்தா பாக்கட்டும்னு."

"அப்படி என்னதான்மா இருக்கு அதுல?"

நீ ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாய். "அவங்கப்பா அவங்கம்மாவ அடிப்பாராம். குடிச்சிட்டுகூட இல்ல, சும்மாவே. இவரு பக்கத்து ரூம்ல இருந்து கேட்டே வளர்ந்தவரு. நான்தான் ப்பா நேரா கேட்டேன், நீங்க யாரையாச்சும் அடிச்சிருக்கீங்களான்னு. படிக்கிற காலத்துல ஒரு தடவ தன் தம்பிய அடிச்சிட்டாராம். அடிச்சப்போ அது தன் கை மாதிரியே இல்லையாம், அவங்கப்பா கை மாதிரி இருந்துச்சாம். அன்னைலேர்ந்து தன் கையப் பாத்தா தனக்கே பயம், இதச் சொல்லாம உன்னைக் கட்டிக்க மாட்டேன்னு எழுதுனாரு. அதத்தான் அழிச்சேன்."

"உனக்குப் பயமா இல்லையா?"

"பயமாத்தான் இருக்கு. ஆனா நான் கேட்ட கேள்விக்கு, 'சேச்சே, நானா?'ன்னு சிரிச்சிருந்தாருன்னா இன்னும் பயமா இருந்திருக்கும். அத்த காது காய்ச்சல்ல போகலன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா? அதனாலதான ப்பா கேட்டேன்."

நீ ஏற வேண்டிய ரயில் போய்விட்டது. அடுத்ததுக்குக் காத்திருந்தோம். நான் பேசவில்லை. ரயில் வந்ததும் நீ என் கையைப் பிடித்து, "வேணாம்னா வேணாம்னு சொல்லுங்க, ஆனா பேசாம மட்டும் இருக்காதீங்க" என்று சொல்லிவிட்டு ஏறிப் போனாய். சாயங்காலம் நீ திரும்பியதும் நான் சரி என்று சொன்னேன். ஏன் சொன்னேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெளிவில்லை, பாப்பா. நல்ல முடிவு என்று நினைத்துச் சொல்லவில்லை. வேண்டாம் என்று சொன்னால் இனிமேல் இந்த மாதிரி விஷயத்தை நீ என்னிடம் சொல்லவே மாட்டாய் என்று பயந்து சொன்னேன். அது சரியான காரணம்தானா என்று எனக்குத் தெரியாது.

கல்யாணத்துக்கு வந்து அவர் நம் வீட்டில் இருந்த நாட்களில் நான் அவர் முகத்தைப் பார்த்ததைவிடக் கையைப் பார்த்ததுதான் அதிகம். கதவைச் சாத்தும்போது பார்த்தேன். பூட்ஸ் கயிறு இறுகிக்கொண்டபோது பார்த்தேன். பக்கத்து வீட்டு வாண்டு ஓடிவந்து சூடான காப்பியை அவர் வெள்ளைச் சட்டையில் கொட்டிவிட்டதே, ஞாபகம் இருக்கிறதா? நீங்கள் எல்லாரும் துணி எடுக்க ஓடினீர்கள். நான் நகரவில்லை. அவர் முகம் ஒரு கணம் இறுகியது. உடனே ரெண்டு கையையும் தொடைக்கு அடியில் கொடுத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். பிறகுதான் அந்தப் பிள்ளையைப் பார்த்துச் சிரித்தார். அடக்கிக்கொள்கிறவனிடம் அடக்குவதற்கு ஏதோ இருக்கிறது என்றுதானே அர்த்தம்? அத்தையும் அதைப் பார்த்திருக்கிறாள். பின்னால் நான் சொன்னபோது, "பாத்தேன் பாத்தேன்" என்றாள். "அடிக்கவே மாட்டான்னு நான் சொல்ல மாட்டேன்டா தம்பி. ஆனா இவனுக்குத் தன் கை எங்க இருக்குன்னு தெரியுது. அந்தாளுக்கு அது தெரியவே தெரியாது." இதைக் கேட்டு நான் தைரியப்படுவதா, இன்னும் பயப்படுவதா? ரெண்டும்தான் நடக்கிறது.

போகிற இடத்தில் உனக்கு நான் சொல்வதற்கு அதிகம் இல்லை. குளிருக்குப் போர்த்திக்கொள், மாமியாரோடு அனுசரித்துப் போ என்பதெல்லாம் அம்மா சொல்லுவாள். நான் கிராணி, எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஈமெயில் உனக்கென்று தனியாக வைத்துக்கொள். ரெண்டு பேருக்கும் ஒரே பெட்டி போதும், எதற்கு வீண் என்று அன்பாகத்தான் சொல்வார்கள், சிரித்துக்கொண்டே வேண்டாம் என்று சொல்லிவிடு. பாஸ்வேர்டை யாருக்கும் கொடுக்காதே, எனக்கும் கொடுக்காதே. எனக்கு எழுதுவதையும் நான் எழுதுவதையும் சேர்த்து வை. கோபத்தில் எழுதியதையும் அழுதுகொண்டே எழுதியதையும் சேர்த்து வை. விடிந்து எழுந்தால் நேற்று நடந்தது அவ்வளவு மோசமில்லையோ என்று தோன்றும், அழித்துவிடத் தோன்றும். அழிக்கத்தான் வேண்டும் என்றால் அழி, கம்பேக்ட் மட்டும் செய்யாதே. இடம் போதாவிட்டால் ஜிப் செய்து எனக்கு அனுப்பு. நான் விரிக்க மாட்டேன், வாங்கி வைத்துக்கொள்வேன். நீ கொடுத்த அந்த ஃபோல்டரையும் அப்படித்தான் வைத்திருக்கிறேன். ஆமாம் என்றும் தட்டவில்லை, தோண்டிப் பார்க்கவும் இல்லை. புது டிஸ்கெட்டில் இன்னொரு பிரதி எடுத்து அரிசி டின்னில் போட்டிருக்கிறேன். நீயே உன் வாயால் சொன்ன பிறகு அதைப் படிக்க எனக்கு உரிமை இல்லை. ஆனால் அதைத் துடைத்துவிடவும் எனக்குத் துணிச்சல் இல்லை. அவர் தன் கையாலேயே தன்னைப் பற்றி எழுதிய ஒரே சாட்சி அது. அவருக்கே அது மறந்துபோகிற ஒரு நாள் வந்தால், நீ கேள், நான் அனுப்புகிறேன்.

ஒன்றை மட்டும் எனக்கு எழுதாதே. "நல்லா இருக்கேன், கவலைப்படாதீங்க" என்று எழுதாதே. உன்னைக் கும்பிட்டுக் கேட்கிறேன். சோறு குழைந்துபோனதை எழுது. எதிர்வீட்டுக்காரி முகத்தைத் திருப்பிக்கொண்டதை எழுது. அவரோடு சண்டை போட்டால், எதற்குச் சண்டை, யார் முதலில் கத்தினது, எப்படி முடிந்தது என்று எழுது. ஊரே பொறாமைப்படுகிற மாதிரி சந்தோஷமாக இருந்தால் அன்றைக்கு என்ன சாப்பிட்டீர்கள் என்று எழுது. அப்படிப்பட்டதை உனக்குப் பதிலாக இன்னொருத்தர் உட்கார்ந்து டைப் அடிக்க முடியாது. பின்னால் யாராவது நின்று பார்த்துக்கொண்டிருந்தால், எழுத முடியாத நிலைமை என்றால், அப்போது மட்டும் நல்லா இருக்கேன் என்று எழுது. அந்த ஒரு வரி வந்தால் நான் பதில் போட மாட்டேன், போனும் பண்ண மாட்டேன். கிளம்பிவிடுவேன்.

சிரிக்காதே. பினாங்குக்குப் படகில் போகவே பயந்தவன், டர்பனுக்கு விமானம் ஏறுவானா என்றுதானே நினைக்கிறாய்? போன வாரம் சிரம்பானுக்குப் போய்ப் பாஸ்போர்ட்டுக்கு எழுதிக்கொடுத்துவிட்டு வந்தேன். கையெழுத்துப் போடும்போது பேனா ரெண்டு தடவை கீழே விழுந்தது. அத்தை துணைக்கு வந்திருந்தாள். என் வேலை முடிந்து நான் எழுந்தேன், அவள் எழுந்திருக்கவில்லை. கவுண்டரில் இருந்த மலாய்க்காரப் பெண்ணைப் பார்த்து, "சத்து லாகி" என்று தனக்கும் ஒரு விண்ணப்பம் கேட்டாள். உனக்கு எதுக்குக்கா என்றேன். கேட்கிற காதை என் பக்கம் திருப்பி, ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னாள்.

"நீ அங்க போயி வாசல்ல நடுங்கிக்கிட்டு நிப்ப. கதவ யாருடா தட்டுறது?"

அப்பா